குழை வெட்டி மூடிய ஜீப்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழைக்காலத்தில், கொங்கோ ஆற்றின் வடகரையில் நடந்தது இது. வரைபடத்தில் மயிர்க்கோடு போலத் தெரிந்த ஒரு செம்மண் பாதையில் நானும் கணவரும் எங்கள் பழைய வெள்ளை ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். ஒஸ்லோவில் இருக்கிற உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காத ஆள் இல்லை.

என் கணவர் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டியவர். காலையில் புறநகரான ஸ்டோவ்னர், மதியம் பட்டணம், திரும்ப ஸ்டோவ்னர். “செக்கைச் சுற்றுகிற மாட்டுக்கு நடக்காத தூரமும் இல்லை, போய்ச் சேர்ந்த ஊரும் இல்லை” என்று தன்னைப் பற்றி அவரே சொல்லுவார். ஓய்வு எடுத்ததும், கடைசித் தரிப்பில் வண்டியைத் திருப்பாமல் ஒரே திசையில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதுவும் ஆபிரிக்காவின் தென்முனை வரைக்கும். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். தனியே விட்டால் மனுசன் சாப்பிடாமல் ஓடிக்கொண்டே இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

“அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் ஹெல்ட் காலாப் போனியளோ?” என்று மகள் நோர்வேஜிய மொழியில் பாதியும் தமிழில் பாதியுமாகக் கேட்டாள். முழுப் பைத்தியமோ என்பதைத்தான் அப்படிக் கேட்டாள். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் நான் வழமையாக மரக்கறி வாங்குகிற கடைக்காரத் தம்பி முருங்கைக்காயைச் சுற்றித் தந்தபடி, “அக்கா, யாழ்ப்பாணத்துக்கு ரிக்கற் கிடைக்கேல்லையோ, ஆபிரிக்காவைச் சுத்திப் போறியள்?” என்றார். என்னோடு வேலை செய்கிற நோர்வேக்காரி மட்டும் “ஊத் போ தூர், ஆல்ரி சூர்” என்று சொல்லிக் கட்டிப்பிடித்து அனுப்பினாள். ஊர் சுற்றப் புறப்பட்டவர் முகம் சுளிக்கக் கூடாது என்பது அதன் கருத்து. எனக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனால் யார் எந்தப் பாஷையில் பழமொழி சொன்னாலும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வேன்.

பாலைவனம் எல்லாம் சுகமாகவே கடந்தோம். கமரூன் தாண்டிக் காட்டுப் பகுதிக்குள் இறங்கிய பிறகு, ஒரு லொறிக்காரர் எங்களுக்கு அந்தப் பக்கத்து வழமை ஒன்றைச் சொல்லித் தந்தார். எந்தக் கிராமம் வந்தாலும் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். ஊர்ப் பெரியவரைக் கேட்டுப் போய்க் கைகொடுத்து, எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் போகலாம். நேரம் பிடிக்கிற வேலை. ஆனாலும் செய்தோம். போன இடமெல்லாம் வாழைப்பழமும் சிரிப்பும் கிடைத்தன. என் கணவரின் அரைகுறைப் பிரெஞ்சைக் கேட்டுச் சிரிக்காத கிராமம் இல்லை.

பிறகு ஒரு சிறு பட்டணத்தில் டீசல் அடித்தோம். அங்கிருந்தவர், நீங்கள் போகிற பாதையில் சில வருடங்களுக்கு முன் ஆயுதக்காரர்களின் தொல்லை இருந்தது, இப்போது அமைதி என்றார். பின்பாதி எங்கள் இருவரின் காதிலும் ஏறவில்லை. ஆயுதம் என்ற சொல் மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். யாழ்ப்பாணத்துச் சண்டைக்காலத்தில் நாங்கள் கண்ட சூடு கொஞ்சமோ?

அதற்குப் பிறகு வந்த கிராமங்களில் நாங்கள் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, பிள்ளைகள் கைகாட்டியும் பாராத மாதிரி ஓட்டினோம். “பேசாமல் போவம். ஆர் எவையெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார் அவர். நானும் ஓம் என்றேன்.

அன்று காலையிலிருந்தே அவருக்கு உடம்பு சூடாக இருந்தது. மழையில் நனைந்ததுதான் காரணம் என்றார். மலேரியா வராமல் இருக்கப் போடுகிற குளிசை வயிற்றைக் குமட்டுகிறது என்று சில நாட்களாக அவர் அதைப் போடவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னேரம் ஒரு சரிவில் ஜீப் வழுக்கிப் பாதையை விட்டு இறங்கியது. ஒரு பக்கச் சில்லு இரண்டும் அச்சு வரைக்கும் சேற்றுக்குள் போய்விட்டன. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி எனக்கு நல்ல பாடம்தான். ஆனால் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்து என்ன பயன்?

மண்வெட்டியால் வெட்டினோம், கல் வைத்தோம், சில்லு சுழன்றதுதான் மிச்சம். அவருக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. தொலைபேசியில் சிக்னல் இல்லை. அப்போது தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. யாரோ வருகிறார்கள், உதவி கேட்கலாம் என்று வேறு ஆட்கள் என்றால் சந்தோசப்பட்டிருப்பார்கள். என் கணவர் என்ன சொன்னார் தெரியுமோ?

“லைற்றை நிப்பாட்டும். குழை வெட்டும்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது விளங்கும். குண்டு போடுகிற பொம்பர் விமானம் வருகிற காலத்தில் வாகனத்துக்குச் சேறு பூசி, தென்னோலையும் இலையோடு வெட்டிய குழையும் போட்டு மூடுவோம். மேலே இருந்து பார்த்தால் பற்றை மாதிரித் தெரியும். அத்தனை வருடம் ஒஸ்லோவில் பனி வழித்த கைகள் அதை மறந்திருக்கவில்லை. நான் சேற்றை அள்ளி வெள்ளைக் கதவில் அப்பினேன். அவர் கொப்புக் கொப்பாக முறித்துப் போட்டார். கண்ணாடி மினுங்காமல் சேலை ஒன்றை விரித்தேன். பிறகு இருவரும் பற்றைக்குப் பின்னால் குந்தினோம். எங்கள் வேலை நன்றாகத்தான் இருந்தது என்று ஒரு பெருமை கூட வந்தது.

இரண்டு ஆண்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வளைவில் திரும்பியதும் நிறுத்தினார்கள். குழையால் மூடிய எங்கள் ஜீப்பையே பார்த்தார்கள். பின்னால் இருந்தவர் மெதுவாகக் காலை ஊன்றி வண்டியைத் திருப்ப உதவினார். அடுத்த நிமிடம் சேறு பறக்க வந்த வழியே ஓடிவிட்டார்கள். சேற்றில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது.

ஆட்களைக் கூட்டிவரப் போகிறார்கள் என்று என் கணவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜீப்பின் பின்பகுதியில் அடுப்புக்கூட மூட்டாமல், விடியும் வரைக்கும் அசையாமல் கிடந்தோம். எவரும் வரவில்லை. அவருடைய காய்ச்சல்தான் வந்தது. என் கையை வைத்தால் சுட்டது. முதியோர் இல்லத்தில் எத்தனையோ காய்ச்சல் பார்த்திருக்கிறேன், இது அந்த வகை இல்லை என்று தெரிந்தது. மருந்துப் பெட்டியைத் திறந்தபோதுதான் அவர் போடாமல் விட்ட குளிசைகளைக் கண்டேன். காய்ச்சலுக்கென்று வைத்திருந்த மலேரியாக் குளிசையைக் கொடுத்தேன். வாந்தி எடுத்தார். திரும்பக் கொடுத்தேன். அதையும் எடுத்தார்.

விடிந்ததும், மறைவில் இருந்து சாவதை விட யாரிடமாவது போய்க் காலில் விழுவது மேல் என்று நினைத்தேன். மோட்டார் சைக்கிள் போன பக்கம் நடந்தேன். பாதை வளைந்து ஏறிய இடத்தில் ஒரு சின்னக் கிராமம். மண் வீடுகள். ஒரு மனித முகம் இல்லை. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் அடுப்புக்கட்டை விடிந்தும் புகைந்துகொண்டிருந்தது, மேலே கீரைச் சட்டி அடிப்பிடித்துக் கருகிய மணம். கதவுகள் திறந்தபடி. ஒரு ஆடு கட்டையில் கட்டியபடி நின்று என்னைப் பார்த்துக் கத்தியது. பாதையில் ஒரு குழந்தையின் சட்டை, ஒரு கடகப்பெட்டி, பரவிக் கிடந்த நிலக்கடலை.

ஆயுதக்காரர்கள் வந்துவிட்டார்கள், ஊரே ஓடிவிட்டது என்றுதான் நினைத்தேன். காட்டுக்குள் இருந்து யாரோ என்னைப் பார்ப்பது போல முதுகு கூசியது. ஓடினேன். வழுக்கி விழுந்து, எழும்பி, திரும்ப ஓடினேன்.

ஜீப்புக்கு வந்தபோது என் கணவர் கண்ணைத் திறந்தபடி, “நெஸ்த ஸ்தொப், ஸ்டோவ்னர்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த தரிப்பு ஸ்டோவ்னராம். பேருந்தில் அறிவிக்கிற அதே குரல். கையைப் பிடித்து உலுப்பினேன். “இறங்கிற ஆக்கள் மணியை அடியுங்கோ” என்றார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

தண்ணீர் கொஞ்சம் பருக்கிவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாமல் பாதையின் நடுவில் போய் நின்றேன். அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இடப்பெயர்வில் நடந்தவர்களுக்கு ஒற்றைச் செருப்பின் கதை தெரியும். சண்டை பிடிக்கப் போகிறவன் செருப்பை விட்டுவிட்டுப் போவதில்லை. உயிருக்குப் பயந்து ஓடுகிறவன்தான் குனிந்து எடுக்க மாட்டான்.

நான் நிமிர்ந்து, அந்த மனிதன் நின்ற இடத்தில் நின்று எங்கள் ஜீப்பைப் பார்த்தேன். சேறு பூசி, குழை மூடி, வெளிச்சமும் இல்லாமல், பேச்சும் இல்லாமல், பாதையைப் பார்த்தபடி பதுங்கியிருந்தது. முதல் நாள் இரண்டு கிராமங்களில் நிற்காமல், முகம் காட்டாமல் ஓடிய வண்டி. நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். அந்தப் பாதையில் பேய் நாங்கள்தான்.

விளங்கிவிட்டது என்று பயம் போய்விடவில்லை, கூடியது. உதவி செய்யக்கூடிய ஒரே ஊர் எங்களுக்குப் பயந்து காட்டுக்குள் கிடக்கிறது. அவர்கள் எப்போது வெளியே வருவார்கள்? ஒரு நாளில்? ஒரு கிழமையில்? என் கணவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. காட்டுக்குள் போய்த் தேடினால் இன்னும் உள்ளே ஓடுவார்கள், அல்லது கத்தியோடு திரும்பி நிற்பார்கள்.

அப்போது எனக்கு நாங்கள் ஒளித்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. வெளியே யார் என்று எங்களுக்கு எப்படித் தெரிந்தது? சத்தத்தை வைத்துத்தான். ஆயுதத்தோடு வருகிறவர்கள் சத்தமில்லாமல் வருவார்கள். சட்டி பானை தட்டுகிற சத்தமும், பெண்கள் சண்டை பிடிக்கிற சத்தமும் கேட்டால், ஊர்ச் சனம்தான் என்று மூச்சு விடுவோம்.

முதலில் குழையை எல்லாம் இழுத்து எறிந்தேன். குழியில் நின்ற மழைத்தண்ணீரை வாளியால் அள்ளி அள்ளி ஜீப்பைக் கழுவினேன், வெள்ளை தெரியும் வரைக்கும். நான்கு கதவையும் விரியத் திறந்தேன். ஜீப்பில் இருந்து எதிர்ப்பக்க மரத்துக்குப் பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டினேன். ஊத்தை உடுப்புகளை எல்லாம் வெளியே எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டேன். என் பூப்போட்ட நைற்றி, துவாய்கள், படுக்கை விரிப்பு, நோர்வேக் குளிருக்கென்று அவர் வாங்கி இங்கேயும் கொண்டுவந்திருந்த நீட்டுக் கம்பளி உள்காற்சட்டை இரண்டு. எந்த நாட்டுப் படையும் பாதைக்குக் குறுக்கே நைற்றியைக் காயப்போட்டுவிட்டுப் பதுங்காது. அடுப்பை மூட்டிச் சோறு வைத்தேன். அகப்பையால் பானையைத் தட்டினேன்.

பிறகு வாயைத் திறந்தேன். எனக்குக் கடவுள் தந்த ஒரே ஆயுதம் அதுதான். காடு முழுக்கக் கேட்கிற மாதிரி என் கணவரை ஏசத் தொடங்கினேன்.

“கப்பலிலை போவமெண்டு சொன்னனான், கேட்டியளோ? குளிசை போட்டனீங்களோ எண்டு கேட்டால் ஓம் ஓம் எண்டு தலையாட்டிறது. பொம்பிளை பாக்க வந்த அண்டே எங்கடை அம்மா சொன்னவ, இந்தப் பொடியனுக்குக் காலிலை சில்லுப் பூட்டியிருக்கெண்டு. நான்தான் கேக்கேல்லை.”

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. “மெல்லக் கதையும். ஆரும் கேக்கப் போயினம்.”

என்னை அடையாளம் தெரிந்துவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. “கேக்கத்தானப்பா கத்திறன்” என்றேன்.

“வீட்டிலை இருந்த மாதிரிக் கிடக்கு” என்றார். அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை.

நான் விடாமல் கதைத்தேன். ஏச்சு முடிந்ததும் கதை சொன்னேன். மகளைப் பற்றி, கடைக்காரத் தம்பியைப் பற்றி, தெரிந்த பழமொழி எல்லாம். தொண்டை கட்டிவிட்டது. இடையிடையே உள்ளே எட்டி, அவருடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஒரு முறை பார்த்தபோது எனக்கு அது தெரியவில்லை. காதை வைத்துக் கேட்ட பிறகுதான் மூச்சு இருந்தது. வெளியே வந்து திரும்பக் கதைக்க வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கொடியின் கீழே சும்மா நின்றேன். காடும் சும்மா நின்றது. வாழ்க்கையில் நான் மிகவும் பயந்தது அந்தப் பேச்சில்லாத நேரத்துக்குத்தான்.

இலைகள் விலகின. ஒரு பெண். என்னை விட வயது குறைந்தவள். முதுகில் துணியால் கட்டிய குழந்தை, கையில் நீண்ட வெட்டுக்கத்தி. அவள் என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த அகப்பையைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். கத்தியை இறக்காமலே கிட்ட வந்து, அந்தக் கம்பளி உள்காற்சட்டையின் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். இது யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும். நான் ஜீப்புக்குள்ளே காட்டினேன். “மாரி, மலாட்” என்றேன். புருசனுக்குச் சுகமில்லை என்று சொல்ல எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

அவள் உள்ளே குனிந்து அவருடைய நெற்றியில் புறங்கையை வைத்தாள். கத்தியை ஜீப்பின் மேலே போட்டாள். திரும்பிக் காட்டைப் பார்த்து ஒரு நீண்ட குரல் கொடுத்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். மழையில் ஊறிய ஆட்கள், பாயும் சட்டியும் பிள்ளைகளுமாக. ஒருவர் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

அவர்கள் நேரத்தை வீணாக்கவில்லை. என் கணவரை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் இருத்தி, கொடியில் இருந்த படுக்கை விரிப்பை ஈரத்தோடு உருவி மூவரையும் சேர்த்துக் கட்டினார்கள். ஊருக்குப் பின்னால் இருந்த மலைக்கு அந்தப் பக்கம், ஒரு சிறிய மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் இன்னொரு வண்டியில் பின்னால் போனேன். அந்தப் பெண்ணும் குழந்தையோடு வந்தாள். எனக்குத் துணைக்கு வருகிறாள் என்று நினைத்தேன்.

மலேரியா, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை மீறியிருக்கும் என்று அங்கிருந்த தாதி சொன்னார். ஊசியும் சேலைனும் ஏற்றினார்கள். பக்கத்துப் படுக்கையில் அந்தப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். குழந்தையின் நெஞ்சு கரகரவென்று இழுத்தது. தாதிக்குக் கொஞ்சம் ஆங்கிலம், எனக்கும் கொஞ்சம். குழந்தைக்கு என்ன என்று கேட்டேன். இரவு முழுக்க மழைக்குள் காட்டில் இருந்ததால் வந்த சளி என்றார். ஆயுதக்காரர்கள் திரிந்த அந்தக் கெட்ட காலத்தில் அவர்கள் மாதக்கணக்காகக் காட்டில் கிடந்தவர்களாம். குழை மூடிய வண்டியைக் கண்டதாக இருவர் ஓடிவந்து சொன்னதும், ஊரே பழைய இடத்துக்குப் போய்விட்டதாம்.

எனக்கு நிலத்தைப் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. எங்களுக்குப் பயந்து ஓடிய தாய், குழந்தைக்கு இழுக்கிறது என்று தெரிந்தும் முதலில் என் கணவரின் நெற்றியில் கைவைத்தவள்.

மூன்றாம் நாள் என் கணவர் எழுந்து கஞ்சி கேட்டார். குழந்தையின் நெஞ்சும் தெளிந்து, பால் குடிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. தாதியைக் கூப்பிட்டு, அந்த வண்டியை மூடியது நாங்கள்தான், பயத்தில் செய்துவிட்டோம், அவளை மன்னிக்கச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் குழந்தையின் முதுகைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னாள். தாதி மொழிபெயர்த்தார்.

“அப்படி மூடத் தெரிந்தவர்கள், தாங்களும் யாருக்கோ பயந்து ஓடியவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்கிறாள். யாருக்கு என்று கேட்கிறாள்.”

எத்தனையோ வருடமாக மகளுக்கே முழுதாகச் சொல்லாத கதையை அன்று பின்னேரம் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். தமிழில் பாதி, கையால் பாதி, தாதியின் ஆங்கிலத்தில் கொஞ்சம். பொம்பரின் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டினேன். அவள் தலையை ஆட்டி, தன்னுடைய ஊரில் கேட்ட சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

திரும்பிப் போனபோது ஜீப்பை ஊர்க்காரர்கள் சேற்றில் இருந்து இழுத்து மேட்டில் விட்டிருந்தார்கள். தென்முனை வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கதைகள் வேறு. அதற்குப் பிறகு எந்தக் கிராமத்திலும் இறங்கிக் கைகொடுக்காமல் நாங்கள் போகவில்லை.

ஒஸ்லோவில் ரயிலில் எவரும் எவரோடும் கதைப்பதில்லை. சில வேளை தலையைத் தொப்பியால் மூடி, முகம் காட்டாமல் ஒருவர் வந்து இருப்பார். பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல எழுந்து வேறு பெட்டிக்குப் போவார்கள். எனக்கும் ஒரு கணம் எழும்பிப் போகத்தான் தோன்றும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தில் பதுங்குகிறவனும் பாய்வதற்குப் பதுங்குகிறவனும் வெளியில் நின்று பார்க்கிற கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள் என்று அந்தச் செம்மண் பாதையில் நான் படித்துவிட்டேன். அதனால் எழும்பிப் போகாமல், அவரிடம் முதல் வார்த்தையை நானே சொல்லிவிடுகிறேன்.